வீட்டிலேயே மின்கிட்டார் உடற்பகுதி செய்தல்: முதன்முறை முயல்வோருக்கான வழிமுறை

நான் செய்த முதல் கிட்டார் உடற்பகுதி பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. வளைவுகள் சீராக வந்திருந்தன. எண்ணெய் பூசியதும் மரத்தின் ரேகைகள் எடுப்பாகத் தெரிந்தன. கழுத்தைத் திருகித் தந்திகளை ஏற்றிய பிறகுதான், மிக மெல்லிய தந்தி பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தாண்டியதும் விரற்பலகையின் ஓரத்திலிருந்து நழுவி விழுவதைக் கண்டேன். கழுத்து அமரும் குழி மிகச் சிறிதளவு சாய்ந்திருந்தது. அந்தக் குழி சுமார் 76 மி.மீ. நீளமுள்ளது, அந்த நீளத்தில் அரை மில்லிமீட்டர் சாய்வு இருந்தால், 648 மி.மீ. நீளமுள்ள தந்தியின் மறுமுனையில் அது நான்கு மில்லிமீட்டருக்கு மேல் விலகலாகிவிடும். தச்சர்கள் 'நூல் பிசகாமல்' என்று சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

என் தவறு கைத்திறன் சார்ந்தது என்பதைவிட வரிசை சார்ந்தது என்றே சொல்ல வேண்டும். எல்லோரையும் போல நானும் முதலில் வெளிவடிவத்தை வெட்டிவிட்டு, பிறகு அதற்குள் கழுத்தையும், உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் பொருத்த முயன்றேன். வெளிவடிவம் 5 மி.மீ. இப்படியோ அப்படியோ போனால் யாருக்கும் தெரியாது. கழுத்துக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலான நேர்கோடு 1 மி.மீ. தவறினாலும் கிட்டார் வாசிக்கத் தகுதியற்றதாகலாம். ஆகவே கீழே உள்ள வரிசையில் நேர்கோடுதான் முதலில் வரும், வடிவம் பின்னால்தான் வரும்.

1. மரத்தைத் தொடுமுன் எல்லாப் பாகங்களையும் வாங்கிவிடுங்கள்

கழுத்து, பிரிட்ஜ், பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றுபவை), ஒலி மற்றும் தொனிக்கான பொட்டென்ஷியோமீட்டர்கள் (திருப்பிக் கூட்டிக் குறைக்கும் மின்பாகங்கள்), தேர்வு சுவிட்ச், ஜாக் (கேபிள் செருகும் பாகம்), திருகுகள் ஆகிய அனைத்தும் உங்கள் மேசைமேல் இருக்கும் வரை ஒரு துளைகூட இடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் உள்ள அளவுகள் யாரோ ஒருவரின் பாகங்களுக்கு உரியவை. ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பிரிட்ஜுகளின் திருகுத் துளைகள்கூட வெவ்வேறு இடைவெளியில் இருக்கும்.

முதல் முயற்சியில் கழுத்தை நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃப்ரெட் பதிப்பது தனிக்கலை; ஆயத்தக் கழுத்து ஒன்றை வாங்கினால் வேலையில் பாதி குறையும். திருகிப் பொருத்தும் வகைக் கழுத்துகளில் பரவலாகக் காணப்படும் அளவுகள் இவை: நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) சேடில் (பிரிட்ஜின்மேல் தந்தி தங்கும் சிறு பாகம்) வரையிலான ஸ்கேல் நீளம் 648 மி.மீ., அடிப்பகுதியின் அகலம் சுமார் 56 மி.மீ., விரற்பலகையையும் சேர்த்த தடிமன் சுமார் 25 மி.மீ. உங்களுடையது இதிலிருந்து மாறுபடலாம் என்பதால் வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜில் அசையாத தட்டையான வகையையே தேர்ந்தெடுங்கள். அசையும் ட்ரெமோலோ வகைக்கு உடற்பகுதியை முழுவதும் ஊடுருவும் குழியும், பின்புறம் ஸ்பிரிங்குகளுக்கு இன்னொரு குழியும் தேவைப்படும். இரு தூண்களின்மேல் நிற்கும் டியூன்-ஓ-மேடிக் வகை உயரமானது. அதற்கேற்பக் கழுத்தைச் சில பாகை பின்னோக்கிச் சாய்க்க வேண்டியிருக்கும். இரண்டும் நல்லவைதான், ஆனால் முதல் கிட்டாருக்கு உரியவை அல்ல.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் மரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குகிறார்கள். கழுத்தும் உலோகப் பாகங்களும் பிக்கப்புகளும் சேர்ந்தால் சாதாரண மரத்தின் விலையை எளிதாகத் தாண்டிவிடும். அதற்கும் மேலாக, ரவுட்டர் (மரத்தில் குழிகளும் விளிம்புகளும் வெட்டும் சுழல் கருவி) வெட்டுமுனைகள், உப்புத்தாள், கிளாம்புகள், பூச்சுப் பொருட்கள் ஆகியவை பட்டியலில் எழுதப்படாமலேயே பணத்தைக் கரைக்கும். ரவுட்டரை வாடகைக்கோ இரவலாகவோ பெற முடிந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். வெட்டுமுனையை மட்டும் புதிதாக வாங்குங்கள். மழுங்கிய முனை மரத்தைக் கருக்கும், நாரைப் பிய்க்கும்.

2. முழு அளவு வரைபடமும் அளவுத்தாளும்

உங்களுக்குத் தேவையான ஆவணங்கள் இரண்டுதான். முதலாவது, ஒவ்வொரு பாகத்தின் உண்மையான அளவையும் எழுதிய அளவுத்தாள். இரண்டாவது, கிட்டாரை மேலிருந்து பார்த்தால் தெரியும் தோற்றத்தையும் பக்கவாட்டுத் தோற்றத்தையும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் காட்டும் வரைபடம். வரைபடத்தை அச்சிடுவதாக இருந்தால், அதில் 100 மி.மீ. நீளமுள்ள கோடு ஒன்றைச் சேர்த்து, அச்சான பிறகு அந்தக் கோட்டை உலோக அளவுகோலால் அளந்து பாருங்கள். தாளுக்குப் பொருந்துமாறு அச்சுப்பொறி தானே படத்தைச் சுருக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. சுருங்கியது கண்ணுக்குத் தெரியாது.

மேல்தோற்றத்தில் முதலில் வரைய வேண்டியது மையக்கோடு. அதன்மேல் நட்டின் இடத்தையும், அங்கிருந்து 324 மி.மீ. தொலைவில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டையும், மேலும் 324 மி.மீ. தொலைவில் சேடில் கோட்டையும் குறியுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட் எப்போதும் ஸ்கேல் நீளத்தின் சரிபாதியில் விழும் என்பதால் இது உங்கள் வேலை முழுவதற்கும் சரிபார்ப்புப் புள்ளியாக இருக்கும்.

பக்கத்தோற்றத்தைப் பலர் வரையாமல் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். 25.4 மி.மீ. தடிமனுள்ள கழுத்து 16 மி.மீ. ஆழமுள்ள குழியில் அமர்ந்தால், விரற்பலகையின் மேற்பரப்பு உடற்பகுதிக்கு மேல் சுமார் 9.5 மி.மீ. உயரத்தில் நிற்கும். அதன்மேல் ஃப்ரெட்டின் உயரம் ஏறத்தாழ 1 மி.மீ.; தந்தி நட்டிலிருந்து சேடிலை நோக்கிச் செல்லச் செல்ல மேலேறுவதால் இன்னும் 3 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, தந்தி சேடிலின்மேல் 13 முதல் 14 மி.மீ. உயரத்தில் அமர வேண்டும். உங்கள் பிரிட்ஜின் சேடில்கள் அந்த உயரத்துக்குக் கீழும் மேலும் சற்று நகரக்கூடியவையா என்பதை இப்போதே பாருங்கள். நகராவிட்டால் குழியின் ஆழத்தைத் தாளில் மாற்றலாம். மரத்தில் வெட்டிய பின் ஆழத்தைக் குறைக்க முடியாது.

ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மர வகையைப் பலகையாக வேறு நாட்டிலிருந்து வரவழைக்க எண்ணினால் மூன்றாவதாக ஓர் ஆவணமும் தேவைப்படும். சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 முதல் இந்தப் பேரினம் முழுவதையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கு பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கிடையாது. வெறும் பலகை எல்லை கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும். உடற்பகுதிக்கு அந்த மரம் அவசியமே இல்லை என்பதால் இந்தத் தொல்லையை எளிதாகத் தவிர்க்கலாம்.

3. மரம்: ஈரம், எடை, ஒட்டு

எந்த மரம் எந்த ஒலியைத் தரும் என்ற வாதத்தில் நுழைய எனக்கு விருப்பமில்லை. முதல் கிட்டாரைப் பொறுத்தவரை மரம் உலர்ந்திருக்கிறதா, எவ்வளவு எடை, வெட்டும்போது பிய்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். ஆல்டர், பாஸ்வுட், மஹாகனி ஆகியவை வெட்ட இசைவானவை. ஆஷ் மரத்தின் ரேகை அழகானது, ஆனால் அதன் துளைகளை நிரப்பாமல் பளபளப்பான பூச்சு வராது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஒட்டு பிடிக்காமல் போகலாம்.

ஈரப்பதம் 6 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சூளையில் உலர்த்திய பலகையாக இருந்தாலும், நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மூன்று வாரங்கள் காற்றோட்டமாக வைத்திருங்கள். நேற்று வாங்கிய பலகையை இன்று வெட்டினால், நீங்கள் நேராக வெட்டிய குழி அடுத்த மாதம் நேராக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முடிவான தடிமன் 45 மி.மீ.; பலகை 510 மி.மீ. நீளமும் 355 மி.மீ. அகலமும் இருந்தால் பெரும்பாலான வடிவங்கள் அடங்கும். இந்த அகலத்தில் ஒரே துண்டு கிடைப்பது அரிது என்பதால் இரு பலகைகளை நடுவில் ஒட்டுவார்கள். ஒட்டும் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் மறுபடி இழைப்புளிக்கு வேலை. கிளாம்பின் இறுக்கத்தை நம்பி இடைவெளியை மூடாதீர்கள். வெள்ளைப் பசை ஒரு நாளில் இறுகிவிடும். ஆனால் பசையில் உள்ள நீரால் ஒட்டின் ஓரம் சற்றே உப்பியிருக்கும். அந்த நிலையில் இழைத்துச் சமன் செய்தால், நீர் வற்றியதும் ஒட்டு வழியே ஒரு பள்ளம் தோன்றும். நான்கைந்து நாட்கள் பொறுத்திருங்கள்.

4. கழுத்துக் குழியைச் சதுரப் பலகையிலேயே வெட்டுங்கள்

இதுதான் நான் மாற்றிய வரிசை. பலகை இன்னும் சதுரமாக இருக்கும்போது அதை மேசையில் இறுக்குவது எளிது. ரவுட்டரின் அடித்தட்டு சாயாமல் அமர நிறைய இடமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழி ஒரு பாகை சாய்ந்தாலும், மையக்கோட்டை அந்தக் குழிக்கு ஏற்ப மீண்டும் வரைந்து வெளிவடிவத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

பலகையின் முன்புறம், பின்புறம், இரு முனைகள் என நான்கு பக்கமும் மையக்கோடு வரைந்துகொள்ளுங்கள். கழுத்தின் நட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் நடுப்புள்ளியைக் குறித்து, இரண்டையும் பலகையின் மையக்கோட்டின்மேல் நிறுத்துங்கள். பிறகு, கழுத்தின் அடிப்பகுதியைச் சுற்றி மூன்று பக்கமும் நேரான எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டைகளை நெருக்கி வைத்து, இருபக்கமும் ஒட்டும் நாடாவால் பலகையில் ஒட்டுங்கள். சில கழுத்துகள் அடியை நோக்கிச் சிறிது அகலும். பட்டைகள் அந்தச் சரிவைத் தாமே ஏற்றுக்கொள்வதால் இந்த முறை ஆயத்த அச்சுப் பலகையைவிடத் துல்லியமானது. ஒரு பக்கப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு தாளைச் செருகி விடுங்கள். பின்னர் வரப்போகும் பூச்சின் தடிமனுக்கு அந்த இடம் வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வெட்டுமுனையின் மேற்புறத்தில் உள்ள பேரிங் என்னும் சிறு உருளை பட்டையைத் தொட்டு உருண்டால்தான் வெட்டு நேராக வரும். வெட்டும் பகுதி 25 மி.மீ. நீளமாகவும் பட்டை 6 மி.மீ. தடிமனாகவும் இருந்தால், பேரிங் பட்டையைத் தொடும்போது முனை ஏற்கெனவே 19 மி.மீ. ஆழத்துக்குப் போயிருக்கும், உங்கள் குழியோ 16 மி.மீ.தான். ஆகவே குட்டையான முனையையும் 12 முதல் 18 மி.மீ. தடிமனுள்ள பட்டையையும் சேர்த்து வாங்குங்கள். இதை முன்கூட்டியே எவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரே மூச்சில் முழு ஆழத்துக்கு வெட்டாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் 3 முதல் 5 மி.மீ. வரை இறங்குங்கள். குழிக்குள் வெட்டும்போது ரவுட்டரைக் கடிகார முள் திசையிலும், வெளிவிளிம்பை வெட்டும்போது அதற்கு எதிர்த் திசையிலும் நகர்த்த வேண்டும். திசை மாறினால் கருவி உங்கள் கையை இழுத்துக்கொண்டு ஓடும். முதலில் வீண் பலகை ஒன்றில் முழுக் குழியையும் வெட்டிப் பாருங்கள்.

கழுத்து கையால் அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும், ஆடக்கூடாது. சுத்தியலால் தட்டி இறக்க வேண்டிய அளவுக்கு இறுக்கமாக இருந்தால், குழியின் ஓரத்தில் உள்ள மெல்லிய மரம் பின்னாளில் விரிசல் விடும்.

நான்கு திருகுத் துளைகளில் ஒரு நுட்பம் உண்டு. உடற்பகுதியில் உள்ள துளைகள் வழியே திருகு தடையின்றி நழுவிச் செல்ல வேண்டும். கழுத்தில் உள்ள சிறிய துளைகளில் மட்டுமே அது பிடிக்க வேண்டும். இரண்டிலும் பிடித்தால் கழுத்து குழியோடு ஒட்டி அமராது. நீளத்தையும் கணக்கிடுங்கள்: குழிக்கு அடியில் 29 மி.மீ. மரமும், பின்புறம் திருகுத் தலைகள் அமரும் 2 மி.மீ. தகடும் இருந்தால், 45 மி.மீ. திருகு கழுத்துக்குள் 14 மி.மீ. நுழையும். துளையிடும் முனையில் நாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் கழுத்தைத் துளைக்காதீர்கள்; விரற்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளிவந்த முனையை நான் பார்த்திருக்கிறேன்.

5. பிரிட்ஜின் இடம்: நூல் பிடித்துப் பாருங்கள்

கழுத்தைத் திருகி இறுக்கிய பிறகே பிரிட்ஜின் இடத்தை அளக்க வேண்டும். நட்டின் உட்புற விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நடு வரை உலோக அளவுகோலால் அளந்து, அதே தொலைவை மறுபக்கம் குறியுங்கள். குழியின் விளிம்பிலிருந்து அளப்பது தவறு. கழுத்து முழுவதும் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்பது அந்த அளவில் தெரியாது.

மெல்லிய தந்தியின் சேடில் இந்தக் கோட்டின்மேல் அமர வேண்டும். தடித்த தந்திகள் சுருதி சேர மேலும் பின்னால் போக வேண்டியிருக்கும், மிகத் தடித்தது 3 மி.மீ. அளவுக்குக்கூட. எனவே மெல்லிய தந்தியின் சேடிலை, அது முன்னோக்கி நகரக்கூடிய எல்லையிலிருந்து 2 அல்லது 3 மி.மீ. மட்டும் பின்னால் வைத்து, அந்த நிலையில் பிரிட்ஜைக் கோட்டோடு பொருத்துங்கள். சேடிலைப் பாதையின் நடுவில் வைத்துத் துளையிட்டால், பிறகு தடித்த தந்திக்குப் பின்னால் நகர இடம் போதாமல் போகும்.

பிரிட்ஜை நாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நட்டின் முதல் பள்ளத்திலிருந்தும் ஆறாம் பள்ளத்திலிருந்தும் இரண்டு தையல் நூல்களை இழுத்து உரிய சேடில்களில் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு நூல்களும் விரற்பலகையின் ஓரங்களிலிருந்து ஒரே தொலைவில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் பிரிட்ஜைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நூல் ஒப்புக்கொண்ட பிறகே துளை. இந்தப் படிக்கு நான் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கினேன். அவசரப்பட வேறு படிகள் இருக்கின்றன.

6. வெளிவடிவமும் மற்றக் குழிகளும்

இப்போது வடிவத்துக்கு வரலாம். எம்.டி.எஃப். பலகையில் அச்சுப் பலகை செய்து, அதன் விளிம்பை விரலால் தடவிக் குறைகளைத் தேடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு மேடும் மரத்தில் அப்படியே பதியும். அச்சின் மையக்கோட்டை மரத்தின் மையக்கோட்டோடு பொருத்தி ஒட்டி, கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு ஜிக்சாவால் அறுத்த பின் ரவுட்டரால் வெட்டுங்கள். பலகையின் நாரோட்டம் விளிம்பில் குறுக்காக வரும் வளைவுகளில்தான் மரம் பிய்யும். அங்கே மிகக் குறைவாக வெட்டுங்கள்.

பிக்கப் குழிகளுக்குப் பெரும்பாலும் 19 மி.மீ. ஆழம் போதும், இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரின் கால்களுக்கு இன்னும் சற்று ஆழம் தேவைப்படலாம். பொட்டென்ஷியோமீட்டர்கள் அமர, பின்புறத்திலிருந்து வெட்டும் கன்ட்ரோல் குழியில்தான் கவனம் வேண்டும். மேலே 6 மி.மீ. மரம் மிஞ்சுமாறு 39 மி.மீ. ஆழம் வெட்டுவது வழக்கம். ஆனால் பொட்டென்ஷியோமீட்டரின் மரையுள்ள பகுதியும் 6 மி.மீ.தான் என்றால் மேலே அதை இறுக்கும் உலோகத் திருகு நட்டைப் பூட்ட மரை மிஞ்சாது. மரையின் நீளத்தைவிடக் குறைந்தது 3 மி.மீ. மெல்லியதாக மரம் இருக்க வேண்டும். மரையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்: சில 9.5 மி.மீ., சில 7 மி.மீ.

ரவுட்டர் வேலையின்போது கண் கவசம், காதடைப்பு, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் மூன்றும் கட்டாயம். எம்.டி.எஃப். தூள் சாதாரணத் துணிக்கு அடங்காது.

7. பூச்சுக்கு முன் முழு ஒத்திகை

விளிம்புகளை உருட்டி, 80, 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் தேய்த்து முடித்ததும் பூச்சுக்குப் போகாதீர்கள். எல்லாப் பாகங்களையும் பொருத்தித் தந்திகளை ஏற்றி ஒரு வாரம் வாசியுங்கள். சாதாரணத் தடிமனுள்ள ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையில் இழுக்கும். குழியில் குறை இருந்தால் இப்போது தெரிந்துவிடும், பூச்சும் பாழாகாது. திருகுகளை முடுக்குமுன் மெழுகிலோ சோப்பிலோ தேய்த்துக்கொண்டால் தலை முறியாது.

8. பூச்சு: பொறுமைக்கான கணக்கு

ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்த நாரை 220 தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். புதியவர்களுக்கு டங் எண்ணெய் அல்லது டேனிஷ் எண்ணெய்தான் என் பரிந்துரை. நாளுக்கு ஒரு பூச்சு வீதம் நான்கைந்து பூச்சுகள் போதும், தவறினால் தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அழகானது, ஆனால் கடினமாக மூன்று நான்கு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். விரைவில் காய்ந்துவிட்டதாக நம்பிக் கிளாம்போ துணியோ பட்டால் தடம் பதியும். எதைப் பூசினாலும் கழுத்துக் குழியை நாடாவால் மூடிவிடுங்கள்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அவை காயும்போது தாமே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

மொத்தக் காலத்தைக் கேட்டால், வார இறுதிகளில் மட்டும் வேலை செய்பவருக்கு மரம் பழகும் நாட்களையும் சேர்த்து இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். அதில் கருவி ஓடும் நேரம் மிகக் குறைவு, காத்திருப்பே அதிகம்.

9. மின் இணைப்பும் சுருதியும்

ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கர்களுக்கு 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் என்பது வழக்கம். குழிகளுக்குச் செம்பு நாடா ஒட்டி, அதன் துண்டுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருப்பதைச் சோதியுங்கள். பிரிட்ஜிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு ஒரு தரைக்கம்பி செல்ல வேண்டும். அதற்கான நீண்ட துளையை இட மறந்துவிட்டுப் பூச்சு முடித்தவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன்.

தந்திகளை ஏற்றியதும் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்னோக்கியும், தாழ்ந்திருந்தால் முன்னோக்கியும் நகர்த்துங்கள். புதிய கழுத்து இழுவிசைக்குப் பழக ஓரிரு நாட்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால், மூன்றாம் நாள் கழுத்தின் வளைவைப் பார்த்துத் தேவையானால் டிரஸ் ராடைக் (வளைவைச் சரிசெய்யக் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பிவிட்டு, இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.